வாழைத்தார் வண்டியும் உன் விமானமும்

சின்னமனூர்
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், மழை விட்டு மேகமலை பளிச்சென்று தெரிகிறது. ஹாம்பர்க் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இன்று மதியம் உன் விமானத்தைக் கம்பெனியில் பார்க்கிறார்கள், சரியில்லை என்றால் அதையும் கைவிட்டுவிடுவார்கள், உன் வேலையும் போய்விடும் என்று சொன்னாய். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விமானம்தானே என்று அப்பா சொல்கிறார், ஆனால் அவரும் காலையிலிருந்து மூன்று முறை போனை எடுத்துப் பார்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை போனில் உனக்கு அவசரம், அதனால் நடந்த கூத்தைச் சொல்லவில்லை. பறப்பதெல்லாம் சரி, தரையில் நிற்பதுதான் பொய்யாக இருக்கிறது என்று அதை ஓட்டிப் பார்த்த வயதான பைலட் சொன்னார், ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை என்றாய் அல்லவா. நீ அனுப்பியதை நானும் நம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். டயர் தரையைத் தொடுகிறது, ஆனாலும் பாரமே இல்லாத மாதிரி நின்றது. பாரம் என்றால் என்னவென்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று டேப்பையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாழைக்காய் மண்டிக்குப் போனேன். தார் ஏற்றி நின்ற மினிலாரியில் பின்டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே அளந்து எழுதிக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கம் ஒரே பரபரப்பு. வண்டிக்காரர் ஷேக் மைதீன், ஏலே, ஆர்.டி.ஓ. ஆபீசுல இருந்து லோடு பாக்க வந்துருக்காக, வெரசா எறக்குங்கடா என்று கத்துகிறார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் இருபது தாரை இறக்கிவிட்டார்கள். அவர் சுற்றி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, அட நம்ம டீச்சரா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா, ஏத்துன தார வீணா எறக்கிட்டமே என்று தலையில் கை வைத்தார். நான் மன்னிப்புக்கூடக் கேட்காமல் மறுபடி அளந்தேன். வண்டி இரண்டு விரற்கடை எழும்பியிருந்தது!

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. பூனையைத் தூக்கினால் கால் நீளமாகத் தொங்கும், கீழே விட்டால் மடங்கி உடம்பைத் தாங்கும். நீ எந்தப் படத்தைப் பார்த்து விமானத்தின் சக்கரக் காலை வரைந்தாய், அதில் சக்கரம் தரையில் ஊன்றியிருக்கிறதா, தொங்குகிறதா என்று அங்கிருந்தே உனக்குப் போன் போட்டுக் கேட்டது அதனால்தான். ஜாக்கியில் தூக்கி வைத்த விமானத்தின் படம்மா என்று நீ சொன்னபோது

சாயங்காலம் தொடர்கிறேன். பாதி வரியில் உன் போன் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள், வேலை நிரந்தரம் என்று நீ அழுதுகொண்டே சிரித்தாய், அப்பா ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு நேரே போய்க் கேசரி கிளறினார், சர்க்கரை இரண்டு மடங்கு. தொங்குகிற காலைத் தரையில் மடங்கித் தாங்கும்படி மாற்றி நீ அனுப்பிய வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தோம். இரண்டு பேர் ஏறி உட்கார்ந்ததும் கால் விரிந்து மெல்ல அமுங்குகிறது, பிரேக் போட்டால் மூக்கு குனிந்து நிமிர்கிறது. கேசரியோடு மண்டிக்குப் போய் ஷேக் மைதீனுக்கும் பழையது, புதியது இரண்டையும் காட்டினேன். இப்பத்தான் டீச்சர் பாரத்த வாங்கி நிக்குது, மொதல்ல காட்டுனது நாயப் பாத்த கோழியாட்டம்ல வெறச்சுக்கிட்டு நின்னுச்சு என்றார்.

வேளைக்குச் சாப்பிடு, முதுகை நிமிர்த்தி உட்கார். நீ நினைத்தபடியெல்லாம் நிறைவாக வாழ வேண்டும் தாயி. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுது. பைலட் போக அந்த விமானத்தில் எத்தனை தார் ஏற்றலாம் என்று ஷேக் மைதீன் கேட்கிறார். விளையாட்டுக்கு இல்லை, இறக்கிய இருபதும் கொள்ளுமா என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டுமாம்.

உன் அன்பு அம்மா
கிருபாவதி