ஏரிக்கரையில் எடுத்த நான்கு படங்கள்

அன்புள்ள பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் அப்பாவும் சுகமா? எனக்கு ஒன்றுமில்லை, வேலை அலுப்புதான். போனில் கேட்டால் அப்பா காதில் விழுமே என்றுதான் எழுதுகிறேன்.

ஏரிக்குப் போனபோது நீ எடுத்து அனுப்பிய நான்கு படங்களையும் அறையில் சேர்ந்து தங்கியிருக்கும் எல்லாரும் பார்த்தோம். யார் வீட்டுப் படம் வந்தாலும் இவர்கள் குறை சொல்லாமல் விடமாட்டார்கள். "பாப்பா தலையில பாதியை வெட்டிட்டாங்களே!" என்று சமையல்காரர் சிரித்தார். எலக்ட்ரீஷியன் அண்ணன் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் அப்பா உட்கார்ந்தே இருக்காரே. ஓரத்துல என்னப்பா, சக்கரம் மாதிரி தெரியுது?"

சமையல்காரர் டீ போட எழுந்து போனார்.

அப்பாவின் சக்கர நாற்காலியை மறைத்ததற்கு உன்மேல் கோபமில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை. போன வாரம் கிடங்கில் ஒரு பெட்டி காலில் விழுந்து, இரண்டு விரல்களில் கட்டு. அதனால்தான் இடுப்புக்கு மேலே மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். இப்போது உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறேன்; ராஜ வாழ்க்கை.

அப்பாவைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார் என்று மறைக்காமல் எழுது. யாராவது இந்தப் பக்கம் வந்தால் வலித் தைலம் ஒரு புட்டி கொடுத்தனுப்பு. நான்கு படத்திலும் நீ இல்லை. பாப்பாவிடம் போனைக் கொடுத்து உன்னை ஒன்று எடுக்கச் சொல். கோணலானாலும் பரவாயில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டதென்று அப்பாவிடம் சொல்லிவிடாதே. நேற்றும் போனில், "காலையில ரெண்டு ரவுண்டு நடந்துட்டு வந்தேன்டா" என்றார்.

"ரொம்ப வேகமா நடக்காதீங்கப்பா" என்று சொல்லி வைத்தேன்.

கிடங்கு வேன் வந்து ஹாரன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்