ஏலத்துக்கு வந்த புத்தகம்

அக்டோபர் 22, செவ்வாய்

மில்லிலிருந்து வந்தால் வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது. தங்கச்சி ஜெனிலா தான் எழுதிய முதல் புத்தகத்தின் கட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்திருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் பாடம் நடத்துகிற கல்லூரியிலேயே வெள்ளிக்கிழமை வெளியீடு என்றார்கள். இப்போது வேண்டாமாம். அறிவியலுக்கு எதிராக எழுதிவிட்டாளாம்.

“படிச்சானுவளா?”

“அட்டையைப் படிச்சிருக்காங்கண்ணே.”

ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அவள் முன்பே கொடுத்த பிரதியில் நானே அட்டையைத் தாண்டிவிட்டேன்!

அக்டோபர் 25

புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் எங்கள் நூற்பு மில் வருகிறது. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவளைத் தத்துவத்துக்கு இழுத்ததே அதுதான். ஆயுதபூஜைக்குக் குடும்பத்தாரை உள்ளே விடுவார்கள். அப்படி ஒரு வருஷம் அவளுக்கு மிஷினை ஓட்டிக் காட்டினேன். நூலில் தடிப்போ மெலிவோ, ஏதாவது குற்றம் இருந்தால் அதுவே அறுத்துவிடும்.

“குற்றம் எதுன்னு அதுக்குச் சொன்னது யாருண்ணே?”

“சூப்பர்வைசர்.”

“அவருக்கு?”

“நூல் வாங்குத கம்பெனி.”

“அவுகளுக்கு?”

“ஏட்டி, பொரியைத் தின்னுட்டு ஓடு.”

ஓடினாள், சென்னை வரைக்கும்! அதே கேள்வியில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் திரும்பினாள். அளக்கிற கருவிக்குள் அளக்கச் சொன்னவனும் உட்கார்ந்திருக்கிறான் என்கிறாள். இதில் எதிர்ப்பு எங்கே இருக்கிறது, மூதேவிகளா?

நவம்பர் 3, ஞாயிறு

சர்ச்சிலும் ஆயிற்று. சபைச் செயலாளர் தேவஇரக்கம் வாத்தியார் எல்லார் முன்னாலும் சொல்கிறார்: “எதையும் கேள்வி கேக்கிற புத்தகம் விசுவாசத்துக்கு ஆகாது.” அங்கே அறிவியலுக்கு ஆகாது, இங்கே விசுவாசத்துக்கு ஆகாது. அவள் எங்கேதான் நிற்பாள், நடுரோட்டிலா?

நவம்பர் 5

அடுத்த புத்தகத்துக்கு எழுதிய தாள்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். இனி எழுத மாட்டாளாம். கிண்டல் செய்து பார்த்தேன். சிரிக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. அவரவர் உழைப்பின் முதற்பலனைப் படைத்து ஏலம் விடுவது வழக்கம். ஜெனிலாவின் புத்தகத்தைப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தேன். வாத்தியார் எடுத்து மேசைக்கடியில் போட்டார்.

“அவ முதற்பலன் அது. எடுக்க நீரு யாருவே?” கத்திவிட்டேன். வாத்தியாரைப் போய் ‘வே’ போட்டு!

போதகர் ஏலம் விடச் சொன்னார். நான் விலை கேட்டேன். வாத்தியார் மேலே கேட்டார்! “ஊருக்குள்ள விடப்படாது. நானே வாங்கிப் பூட்டி வைக்கேன்.” கோழி விலையைத் தாண்டி, ஆட்டுக்குட்டி விலையையும் தாண்டியது. என் பை காலி. கொண்டுபோய்விட்டார், படுபாவி.

நவம்பர் 12

இன்னும் ஆறவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

வாசலில் வாத்தியார். கையில் அதே புத்தகம், பக்கமெல்லாம் பென்சில் கோடு.

“ஏலே பென்சன், தங்கச்சி எங்க?”

“பூட்டு தொலைஞ்சு போச்சோ?”

“கிண்டலை விடுலே. ஏம்மா ஜெனிலா, மிஷினுக்குக் குற்றம் எதுன்னு சொன்னது யாருன்னு கேட்டியே, மனுசனுக்குப் பாவம் எதுன்னு சொன்னது யாரு? அதை ஏன் கேக்காம விட்ட?”

“கேட்டா விசுவாசத்துக்கு ஆகாதுன்னீங்களே, சார்.”

“அது படிக்கதுக்கு முந்தி சொன்னது. பதிலைச் சொல்லு.”

ஜெனிலா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “அண்ணே, பரண்ல இருக்கிற கட்டை இறக்கு.”

இறக்கிக் கொடுத்தேன். டீயும் போட்டேன். வாத்தியார் டம்ளரில் மட்டும் சர்க்கரை போடவில்லை. சண்டை மும்முரத்தில் மனிதர் அதையும் குடித்துவிட்டு இன்னொன்று கேட்கிறார்.