தொட்டி வாய்க்குள் நுழையும் இடுப்பு

ஜனவரி 8, புதன்
இன்று தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கும்போது இடுப்போடு மாட்டிக்கொண்டேன். கால் உள்ளே, தலை வெளியே. வீட்டுக்கார அம்மா மொட்டை மாடியில் நின்று, "எண்ணெய் ஏதாவது தடவட்டுமா?" என்கிறார்! கூட வேலைக்கு வந்த மச்சான்தான் அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டான். மானம் கப்பலேறிவிட்டது. தொட்டிக்குள் போக முடியாதவன் என்ன தொட்டி கழுவுகிறவன்? இனி உள்ளே அவன். நான் மேலே நின்று குழாயைப் பிடிக்க வேண்டியதுதான்.

ஜனவரி 10
ஆஸ்பத்திரிக்குப் போனால், ரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறதாம். நர்ஸ் சொன்னார்: "பட்டினியெல்லாம் கிடக்காதீங்க. சின்னச் சின்னதா மாத்துங்க. மாத்தினதை எழுதி வைங்க."
எழுதுகிறேன். டீயில் சர்க்கரை கிடையாது. லிஃப்ட் கிடையாது. சோறு மறுமுறை கிடையாது. வேலைக்குப் போகிற வீடுகளில் கொடுக்கும் கேக், பிஸ்கட் எல்லாம் மச்சானுக்கு. வேண்டாம் என்றால் கொடுத்தவர் முகம் வாடிவிடுமே.

ஜனவரி 12, ஞாயிறு
மனைவி ஒரு பழைய தொட்டியின் வாயை மட்டும் வளையமாக அறுத்து வாங்கி வந்திருக்கிறாள். நான் மாட்டிக்கொண்ட அதே அளவு. "இனிமே இதுதான் உங்களுக்குத் தராசு." தலைவழியாகப் போட்டேன். தொப்பை மேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. மகள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

ஜனவரி 15
சர்க்கரை இல்லாத டீ. கஷாயம் தேவலை.

பிப்ரவரி 2, ஞாயிறு
வளையம் நகரவே இல்லை. இத்தனை நாள் வாயைக் கட்டி என்னத்தைக் கண்டேன்? "தூக்கிப் போடுடி அந்தச் சனியனை"ன்னு கத்திட்டேன். அவள் செருப்பை மாட்டினாள். "வாங்க, தெருமுனை வரைக்கும் நடந்துட்டு வரலாம்."
நடந்தோம். பாதி வழியில் சொன்னாள்: "நீங்க மேல நின்னு குழாய் புடிச்சா எனக்கொண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. ஆனா சாயங்காலம் வர்றப்ப உங்க மூஞ்சியப் பார்க்க சகிக்கல." அழுகை வந்துவிட்டது எனக்கு.

பிப்ரவரி 20
சாப்பிட்டதும் நடை. இன்று மழை. குடையோடு போனோம், ஒரே குடை.

மார்ச் 9, ஞாயிறு
வளையம் தொப்புளைத் தாண்டிவிட்டது! நான் சும்மாதான் இருந்தேன், மகள்தான் ஊரைக் கூட்டினாள்.

மார்ச் 27
ஐந்து மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. மச்சான் லிஃப்டில் வந்தான், வாய் நிறைய என் பங்கு கேக். "உங்க புண்ணியம் மாமா!"

ஏப்ரல் 20, ஞாயிறு
வளையம் இடுப்பைத் தாண்டிக் காலடியில் விழுந்தது. மனைவி அடுப்பைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.
ஆனால் மச்சானிடம் எப்படிச் சொல்வது? இத்தனை மாதம் உழைத்தவனை, "தள்ளுடா, என் இடம்" என்பதா?

ஏப்ரல் 23, புதன்
அதே வீடு, அதே தொட்டி. மச்சான் காலை விட்டான். இறங்கினான். நின்றான். மூச்சை உள்ளே இழுத்தான். அப்படியே நின்றான்.
"எண்ணெய் தடவட்டுமா?" என்றார் வீட்டுக்கார அம்மா.
அக்குளில் கை கொடுத்து இழுத்துப் போட்டேன். அவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டே உள்ளே இறங்கினேன். உரசக்கூட இல்லை! உள்ளே அந்தக் குளிர்ச்சி, பாசி வாசனை, நான் பேசினால் எனக்கே திரும்பி வரும் சத்தம். அப்பாடா என்றிருந்தது. மேலே வட்ட வெளிச்சத்தில் மச்சான் முகம்.
"மாமா, நாளைக்கு நீங்களும் அக்காவும் நடக்கப் போறப்ப என்னையும் கூப்பிடுங்க."
வேலை முடிந்ததும் கேக் வந்தது. என் பங்கை யாருக்குக் கொடுப்பது? அவன் வேண்டாமென்கிறான். ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். நல்ல ருசி.