ஏரிக்குப் போன பதினாலு பேர்

வடக்குப்பட்டு
12.8.1991

அன்புள்ள மகள் கங்காவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பில் புதிய குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பழையவை அப்படியே இருக்கின்றன. குவாலியரில் நீ நன்றாக இருக்கிறாய் என்பது உன் கடிதத்தின் கனத்திலேயே தெரிந்தது. ஆறு பக்கம். உடம்பு முடியாதவர்களால் ஆறு பக்கத்துக்குப் புத்திமதி எழுத முடியாது. உன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்புக்கு வரும் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, இன்றைக்கு என்ன கற்றுக்கொள்ள விருப்பம் என்று கேட்கிறாயாம், விருப்பமில்லாதவர்கள் மரத்தடிக்குப் போகலாமாம். நல்லது. மாணவனுக்குச் சுதந்திரம் வேண்டும், வாத்தியார் வழியை மறிக்கக் கூடாது, கற்றதை அவன் எங்கே கொண்டுபோய் என்ன செய்கிறான் என்று கேட்கக் கூடாது என்று எனக்கும் எழுதியிருக்கிறாய். என் சிலம்பக் கூடத்தில் அப்படிக் கேட்டால் பதினைந்து பேரும் ஷிப்ட் முடிந்த அலுப்பில் மரத்தடிக்குத்தான் போவார்கள். நம் வீட்டுப் பின்னால் அத்தனை பேருக்கு மரமும் இல்லை.

அதைவிட எனக்கு உறைத்தது வணக்கத்தைப் பற்றி நீ எழுதியது. பதினோரு அடி வைத்து, மண்ணைத் தொட்டு, எதிரே நிற்பவன் கண்ணைப் பார்த்து அவன் பெயரைச் சொன்ன பிறகே கம்பை உயர்த்த வேண்டும் என்பது எந்த மரபிலும் இல்லை, அப்பாவே கட்டியது, நேரம் வீண் என்கிறாய். நானே கட்டியதுதான். எனக்கு வாத்தியார் யார்? காலில் விழுந்து கேட்டும் ஒருவன் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குன்றத்தூர்த் திருவிழாவில் ஆடுகிறவர்களைக் கூட்டத்தோடு நின்று பார்த்து, வீட்டுக்கு வந்து மூங்கிலைச் சுழற்றி, என் மூக்கை நானே உடைத்துக்கொண்டு கற்றேன். வணங்குவதற்கு வாத்தியார் இல்லாததால் எதிரே நிற்பவனை வணங்கும்படி வைத்தேன். காஞ்சிபுரத்துப் பெரிய வாத்தியார்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து முப்பது வருஷம் ஆகிறது, இப்போது நீயும் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து அந்த வரிசையில் நிற்கிறாய்.

உன் சுதந்திரம் இங்கே என்ன பாடுபட்டது என்று கேள். பென்னலூர்ப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் எட்டுப் பேரை நீக்கியதற்காகப் போன மாதம் வேலைநிறுத்தம் தொடங்கியது. நம் கூடத்துத் தாண்டவராயன் அங்கேதான் உலையில் வேலை செய்கிறான், அவனும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தான். மறிக்கிறவர்களை அடித்து விரட்ட, கம்பு பிடிக்கத் தெரிந்த ஆட்களைத் தேடி ஒரு காண்டிராக்டர் வந்து நம் பாண்டுரங்கனைப் பிடித்தான். பாண்டுரங்கனுக்கு நாலு மாதமாக வேலை இல்லை, பெண்டாட்டி பிள்ளைப்பேற்றுக்கு இருக்கிறாள், எல்லாம் எனக்குத் தெரியும். ஒளிக்காமல் என்னிடம் வந்து சொன்னான். கூடத்துக்காரன் மேல் கூலிக்குக் கம்பு தூக்கினால் இந்த மண்ணில் கால் வைக்காதே என்றேன். "வூட்ல அடுப்பு எரியல வாத்யாரே, நீங்களா வந்து எரிய வெப்பீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். உன் பாடத்தின்படி நான் அவனை முதுகில் தட்டி அனுப்பியிருக்க வேண்டும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை லாரியை உள்ளே விடுவதற்காகக் கேட்டைத் திறந்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து மறித்தார்கள். காண்டிராக்டர் அடிக்கச் சொல்லிக் கத்தினான். பாண்டுரங்கன் கம்போடு முன்னால் வந்தால் எதிரே தாண்டவராயன், அவன் கையிலும் கொடி கட்டிய கம்பு. நான் அங்கே இல்லை, தாண்டவராயன் சொன்னதை எழுதுகிறேன். இருவரும் கம்பைத் தரையில் வைத்து வணக்கத்தைத் தொடங்கிவிட்டார்களாம். யோசித்துச் செய்யவில்லையாம், எதிரில் கம்போடு ஆள் நின்றால் கால் தானாகப் போகிறதாம். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது, இவர்கள் பதினோரு அடியையும் ஒன்று குறையாமல் வைக்கிறார்கள். "இன்னாடா, டான்ஸ் ஆடிக்கினு கீறீங்க" என்று காண்டிராக்டர் கேட்டதும் கேட்டுக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு. கடைசி அடியில் ஒருவன் பெயரை ஒருவன் சொன்னார்கள், அதற்குப் பிறகு இருவருக்குமே கை எழவில்லை. சிரித்துவிட்ட கூட்டத்தை வைத்துக்கொண்டு யாரும் கலவரம் செய்ய முடியாது. லாரி வந்த வழியே பின்னால் போயிற்று. உன் வகுப்பில் படித்திருந்தால் இருவரும் அன்றைக்கு மிகவும் சுதந்திரமாக ஒருவன் மண்டையை ஒருவன் உடைத்திருப்பார்கள்.

இதோடு நிறுத்தினால் கடிதம் எனக்குச் சாதகமாக முடிந்துவிடும், ஆனால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மீதியையும் எழுதச் சொல்கிறாள். பாண்டுரங்கனைக் காண்டிராக்டர் அன்றைக்கே கூலி கொடுக்காமல் துரத்திவிட்டான். மறுநாள் தாண்டவராயன் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து, அவன்தான் அடிக்கவில்லையே, மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்றான். அடிக்கவில்லை, ஆனால் கூலி பேசித் தூக்கினான், நான் சொன்னது தூக்கினால் என்றுதான், சொன்னது சொன்னதுதான் என்றேன். தாண்டவராயன் கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "நீங்க வோணான்னது அவன, எங்கள இல்ல. அவன் எங்க கீறானோ அங்க நாங்களும் இருந்துக்கிறோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனான். பதினாலு பேரும் போனார்கள். நம் ஊர் ஏரி வற்றிக் கிடக்கிறது, அங்கே அவனோடு காலை ஐந்தரைக்கு ஆடுகிறார்கள். அவர்களுக்கும் நீ ஆறு பக்கம் எழுதிப் போட்டாயோ என்று எனக்குச் சந்தேகம். ஒன்பது நாள் கூடத்தில் தனியாக நின்று துணி உலர்த்தும் கொடிக்கு வணக்கம் வைத்தேன். உன் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, கொடிக்கு இன்னா பேரு வெச்சிக்கீறீங்க என்று கேட்டாள்.

பத்தாம் நாள் ஏரிக்குப் போனேன். மன்னித்துவிட்டுப் போனதாக நினைக்காதே. என் மண்ணில் கால் வைக்காதே என்றேன், இன்றுவரை அவன் வைக்கவில்லை. ஏரி பொதுப்பணித் துறையுடையது, அங்கே யார் கால் வைத்தாலும் கேட்க எனக்கு அதிகாரம் இல்லை. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, யாரும் விலகவும் இல்லை. பாண்டுரங்கனைப் பார்த்து ஜோடி நில் என்றேன். இதுவரை எந்த மாணவனோடும் நான் ஜோடி நின்றதில்லை. கடைசி அடியில் என் பெயரைச் சொல்ல முடியாமல் திணறினான். விடவில்லை, சொல்ல வைத்தேன். மூன்றாவது சுற்றில் என் மணிக்கட்டில் வைத்தான் ஒன்று, கம்பு கையை விட்டுப் பறந்தது. அறுபத்துமூன்று வயதுக் கை ஆயிற்றே என்று தயங்குவான் என நினைத்தேன், தயங்கவில்லை. ஒழுங்காகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நாளைக்கு வருவீங்களா என்று அவன் கேட்கவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் போகிறேன். இதில் உன் கட்சி ஜெயித்துவிட்டதாக அடுத்த கடிதத்தில் எழுதாதே, நான் படிக்க மாட்டேன்.

உன் அம்மா வடகம் பார்சல் செய்திருக்கிறாள், வந்ததும் வெயிலில் காட்டி வை. குளிர் தொடங்கும் முன் நல்ல கம்பளியாக ஒன்று வாங்கிக்கொள், உடற்பயிற்சி ஆசிரியைக்குக் குளிராது என்று வீம்பு பேசாதே, அந்த வீம்பு என்னிடமிருந்து வந்தது. உன் உடம்பும் மனசும் திடமாக இருக்கட்டும், உன் வட்டத்தில் உட்காரும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும். தீபாவளிக்கு இப்போதே லீவு சொல்லி வை. விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினால் வீட்டில் என்னைத் தேடாதே, நேரே ஏரிக்கு வந்துவிடு.

உன் அப்பா,
வ. சுப்பராயலு