மணியடிக்க என்னைக் கூப்பிட்டார்கள்

மார்ச் 3, 2018, சனி

முழங்கால் வலி. மத்தி மீன் விலை ஏறிப்போனதால் இன்றும் யமீனா பருப்பு சூப்தான் வைத்தாள்.

மாலை நான் பையன்களுக்குக் கற்றுக்கொடுக்கிற பயிற்சிக்கூடத்து வாசலில் மீலூத் நின்றான். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. ஒரு காலத்தில் ஷாரெஃப் குத்துச்சண்டை போடும்போது ரிங் மூலையில், அவன் கார்னரில், நான் துண்டோடும் இவன் தண்ணீர் வாளியோடும் நின்றவர்கள். இப்போது பழைய கிளப்புக்கு இவன் தலைவர்.

"ஷாரெஃப் போய் நாப்பது நாளாச்சு. அவன் பேர்ல குத்துச்சண்டைப் போட்டி வைக்கிறோம், ஏப்ரல் கடைசியில. ஃபைனலுக்கு மணியடிக்க நீ வரணும், பெனாவ்தா."

"நானா?"

"நம்மளை விட்டா அவனுக்கு யாருடா?"

மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அடக்கத்தின்போதுகூட கடைசி வரிசையில்தான் நின்றேன், யாரும் விலகி வழிவிடவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6

கோட்டு இடுப்பில் தொளதொள. யமீனா பிடித்துத் தைக்கிறாள், ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு. கல்யாணமான புதிதில் பாடுவாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை வருஷம்!

மார்ச் 19

போட்டி நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்திருக்கிறது. கதவிடுக்கில் யாரோ செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

"1986 இறுதிப் போட்டியில் ஷாரெஃபைத் தோற்கடித்தது எதிராளி அல்ல, தோல்வியை ஒப்புக்கொண்டு அவருடைய கார்னரிலிருந்து எறியப்பட்ட துண்டு."

கடைசிப் பக்கத்தில்: "துண்டு எறிந்த பெனாவ்தா ரிங்கில் ஏறி மன்னிப்புக் கேட்பார். ஷாரெஃபின் மகன் கதூர் அவரை மன்னித்துத் தழுவிக்கொள்வார். பிறகு மணி ஒலிக்கும்."

அதற்குத்தான் கூப்பிட்டானா?

மார்ச் 20

மீலூத்தின் உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

"நீ வாளியோட பக்கத்துல குனிஞ்சிருந்த. அவன் சொன்னது உன் காதுலயும் விழுந்துச்சு."

இல்லை என்பான் என்று நினைத்தேன்.

"விழுந்துச்சு. அதுக்கு?"

"அப்புறம் எப்படி இப்படி அச்சடிச்ச?"

"கடைசி வரைக்கும் விடாதவன்னு இந்த ஊருக்கு ஒருத்தன் இருக்கான். 'போதும், எறிஞ்சிடு'ன்னு கெஞ்சினவன் பேர்ல போட்டி வச்சா எவன் வருவான்? ஒரு நிமிஷம் தலையக் குனி, பெனாவ்தா. கதூர் கட்டிப்பிடிப்பான், கூட்டம் அழும். உன் பேரும் சுத்தமாயிடும்."

புதினா டீ வரவழைத்தான். குடித்தேன். ஏன் குடித்தேன்?

மார்ச் 21

எங்கும் எழுதியதில்லை. இங்கேயாவது.

இரண்டாவது ரவுண்டு முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்ததும் ஷாரெஃப் சொன்னான்: "இடது கண்ணு தெரியல. ஒரே கறுப்பு. அடுத்த ரவுண்டுல துண்டை எறிஞ்சிடு. நான் கேட்டேன்னு சொல்லிடாத." எறிந்தேன். துண்டை உதைத்துத் தள்ளி என் காலடியில் துப்பினான். நடிக்கிறான் என்று எனக்கு மட்டும் தெரியும் — எச்சில் மட்டும் நிஜம். மறுநாள் ஊர் திரும்பும் ரயிலில் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "கொஞ்ச நாள் போகட்டும். நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். அதுவரைக்கும் சத்தியம் பண்ணு." பண்ணினேன்.

அவன் சொல்லவே இல்லை. பிறகு கிளப்பை விட்டு என்னை அனுப்பினார்கள். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. தெருவில் எனக்குப் பெயரே 'துண்டு' என்றாகிவிட்டது. நான் எதிரே வந்தால் அவன் நடைபாதை மாறிப் போவான்.

மார்ச் 24

யமீனாவிடம் சொன்னேன். அழுவாள், என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

ஊசியைக் கோட்டிலேயே குத்தி வைத்தாள்.

"ஹமாம்ல குளிக்கப் போனா என்னைப் பாத்துப் பொம்பளைங்க துண்டை உதறிச் சிரிப்பாங்க. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? 'என் புருஷன் பயந்துட்டாரு, அவரும் மனுஷன்தானே'ம்பேன். நீங்க பயந்துட்டீங்கன்னு நான் நம்பினேன். நம்பி, மன்னிச்சு, கூட வாழ்ந்தேன்."

"சத்தியம் பண்ணியிருந்தேன், யமீனா."

"அவனுக்கு. எனக்கு எதுவுமே பண்ணலையா? நம்ம பொண்ணு ஹலீமாவோட நிச்சயத்தை 'துண்டு வீட்டுச் சம்பந்தம் வேணாம்'னு முறிச்சாங்களே, அன்னிக்காவது வாயைத் தொறந்தீங்களா?"

மார்ச் 25

யமீனா தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய பையை எடுத்துக்கொண்டு.

ஏப்ரல் 11

மீலூத் என்னை ஏமாற்றினான், ஷாரெஃப் ஏமாற்றினான் என்று தினமும் எண்ணிக்கொண்டிருந்தேன். நான் ஏமாற்றியவள் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 28, சனி

போனேன். தைத்து முடிக்காத கோட்டைப் போட்டுக்கொண்டுதான்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. சுவர் உயரத்துக்கு ஷாரெஃபின் படம். மீலூத் மைக்கைக் கையில் கொடுத்தான். எதிரே கதூர் கைகளை விரித்து நின்றான், அப்பாவின் அதே தோள்.

"கதூர், உங்கப்பாதான் எறியச் சொன்னாரு. இடது கண்ணு தெரியலைன்னாரு. நான் எறிஞ்சேன். இன்னிக்குக் கேட்டாலும் எறிவேன். மீலூத்துக்கும் தெரியும்."

விசில், கூச்சல், காலி பாட்டில்கள். மீலூத் மைக்கை வாங்கி, குரலைத் தாழ்த்தி, "வயசாயிடுச்சு பாவம், மன்னிச்சிருங்க" என்றான். கூட்டம் அவனுக்குக் கைதட்டியது. கதூரின் கைகள் கீழே இறங்கின.

மணியை வேறு யாரோ அடித்தார்கள். நான் அப்போது தெருவில் இருந்தேன்.

ஏப்ரல் 30

யமீனா வந்துவிட்டாள். "பாட்டில் எறிஞ்சாங்களாமே, எங்கயாவது பட்டுச்சா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பையை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மே 4

தொழுகை முடிந்து கதூர் வந்தான். படியேறவில்லை.

"எந்தக் கண்ணுன்னு சொன்னீங்க?"

"இடது."

"லாரி ஓட்டறப்ப கல்லு தெறிச்சுத்தான் அந்தக் கண்ணு போச்சும்பாரு அப்பா. லாரி வாங்கினது எம்பத்தெட்டுல. எனக்கு அஞ்சு வயசு இருக்கறப்பவே நான் இடது பக்கமா வந்து அவரைப் பயமுறுத்துவேன். நான் வர்றது அவருக்குத் தெரியவே தெரியாது." செருப்பைப் பார்த்துக்கொண்டே நின்றான். "அது எம்பத்தேழு, லாரிக்கு முந்தி. எனக்குப் புரிஞ்சிடுச்சு. ஆனா வெளிய சொல்ல என்னால ஆகாது. அவர் என் அப்பா."

ஆகாது என்று எனக்கும் தெரியும். உள்ளே வந்து காபி குடி என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

மே 6

யமீனா: "ஊருக்கே சொல்லிட்டீங்க. ஹலீமாவுக்கு யாரு சொல்றது?"

ஓரான் நகரத்தில் அவள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாள்.

யமீனா ஃபோனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். இதை எழுதும்போதும் உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறது. நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.