கழுவாத முகம்

லீட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள டெரிக்குக்கு,

அடுத்த வீட்டு பெவ் எழுதுவது. நீ நலம்தானே? அபர்டீனில் குளிர் எலும்பைக் கடிக்கிறது என்று போனில் புலம்பினாய். நம் தெருவில் சட்டையில்லாமல் பனியில் பந்து உதைத்தவனா இப்படி அழுகிறான் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவள் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். போனில் என்றால் கேலியிலேயே நேரம் போய், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் தங்கை லொரெய்னுக்கு இப்போது சூப் இரண்டு கரண்டிதான் இறங்குகிறது. டாக்டர் கெடு எதுவும் சொல்லவில்லை. ஆனால் என்னைத் தனியே கூப்பிட்டு, முதலில் உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்லும் டாக்டரைக் கண்டால் எனக்கு ஆகாது.

அவளுக்கு முதலில் போனது கை. முகம் வெளுக்கப் பவுடர் பூசி, கண்ணைச் சுற்றி மை எழுதி, உதட்டைக் கறுப்பாக்காமல் பதினேழு வயதிலிருந்து வாசல் தாண்டாதவள். இப்போது மைப் பென்சில் கையில் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால் தினமும் காலையில் நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் எழுதிவிடுகிறேன். முதல் நாள் கூத்தைக் கேள். எனக்குத் தெரிந்தது, ஊரோடு மல்லுக்கு நின்று திரிந்த எங்கள் பங்க் பாட்டுக் காலத்துக் கிறுக்கல்தானே? கன்னம்வரை கோட்டை இழுத்து, ஓரத்தைக் கிழிந்த மாதிரி விட்டுவிட்டேன். கண்ணாடியைக் காட்டினால் ரொம்ப நேரம் பார்த்தாள். “அடிப்பாவி! கடைசி நேரத்துல என்னைப் போய் பங்க் ஆக்கிட்டியே!” என்று சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

அந்த நர்ஸ் பெண்ணுக்கு எங்கள் இருவரையும் பார்த்துக் குழப்பம். நீங்கள் ரெண்டு பேரும் ஒரே கூட்டமா என்று கேட்டாள். “கச்சேரிக்கு ஒரே நிலவறை, ஒரே ஓட்டைக் கிட்டார், ஒரே புளிச்ச பியர்தான்மா. நாங்க பாட்டிலை எறிவோம். கறுப்பே கதின்னு இருக்கிற இந்த கோத் மகாராணிங்க உடைஞ்ச சில்லைப் பொறுக்கி, வெளிச்சத்துல பிடிச்சு, எவ்வளவு அழகுன்னு பார்ப்பாங்க” என்றேன். லொரெய்ன் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “நீங்க ஊரைப் பயமுறுத்தப் பூசிக்கிட்டீங்க பெவ். நாங்க எங்க பயத்துக்குப் பூசிக்கிட்டோம்.” பதிலுக்கு ஒரு கிண்டல் வாய்வரை வந்தது. அதை விட்டுவிட்டு அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளக்க விரலில் ஒரு கவ்வி மாட்டுகிறார்கள். கறுப்பு நகச்சாயம் இருந்தால் அது சரியாகக் காட்டாதாம், அழிக்கச் சொன்னார்கள். முடியவே முடியாது என்றுவிட்டாள். கடைசியில் அதைக் காதுமடலில் மாட்ட, ஐந்து வளையங்களை நான் கழற்ற வேண்டியதாயிற்று.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். “நான் வர்றதுக்கு முன்னாடி அந்தச் சாயத்தை எல்லாம் கழுவி விடு பெவ். என் தங்கச்சி முகத்தை ஒரு தடவையாவது பார்த்துக்கறேன்” என்றாய். கெட்ட எண்ணமில்லை, எனக்குத் தெரியும். ஆனால் இதே பேச்சைத்தான் உன் அம்மாவின் அடக்கத்தன்று தேவாலய வாசலிலும் பேசினாய். ஒரு நாளைக்கு மட்டும் துக்கத்துக்குக் கறுப்பு மாட்டி வந்த ஊர் உள்ளே போனது; அன்றாடம் கறுப்பு உடுத்தியவள் வெளியே நின்றாள். குழி மூடும்வரை கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் மழையில் நின்றுவிட்டுத்தான் போனாள். நீ திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நேற்று வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் போனேன். தூக்கத்தில் துடைத்திருக்கலாம், மனம் வரவில்லை. எழுப்பி, நீ கேட்டதைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

“கழுவினா அவனுக்கு ஒரு நோயாளிதான் தெரிவா பெவ். தங்கச்சி தெரிய மாட்டா.”

பிறகு, “அவன் வர்றானா? நிஜமாவா?” என்று கேட்டாள். “அப்ப உதட்டை நல்லா எழுது. உன்னை மாதிரி ஆக்கிடாதே.”

வெந்நீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டேன்.

ஆகவே டெரிக், நீ வரும்போது அவள் வெளுத்த முகமும் கறுத்த உதடுமாகத்தான் இருப்பாள். எழுதி முடிக்க எனக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், கதவுக்கு வெளியே பொறுத்திரு. உள்ளே வந்ததும் வேறு எதுவும் சொல்லாதே. நன்றாக இருக்கிறாய் என்று மட்டும் சொல். நன்றாகத்தான் இருக்கிறாள். மை கலைந்துவிடும் என்று அவள் அழ மாட்டாள். நீ அழுதுகொள், நான் கேலி செய்ய மாட்டேன்.

கிடைக்கிற முதல் ரயிலில் ஏறு. உனக்கு எல்லாம் நல்லபடி நடக்கட்டும்.

அன்புடன்,
பெவ்