சிலுப்பாத கிடாவும் அதன் உடன்பிறப்புகளும்

மதினி,

பண்பொழி மலைமேல் நிற்கிற முருகன்மீதும், என் தலையில் இன்னும் மிச்சமிருக்கிற முடிகள்மீதும் ஆணை. இனி நான் எழுதப்போகும் கதையை இந்தப் பூவுலகில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்கள் வரிசையில் முதல் நாற்காலி உங்களுக்குத்தான். நடந்தபோது பக்கத்தில் இருந்தவர் நீங்கள்.

இன்று காலை உங்கள் மகள் வீட்டுக்கு இட்லி சாப்பிடப் போயிருந்தேன். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் பேத்தி வாயில் பாதி இட்லியோடு அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏதோ பொம்மைப் படம். ஒரு கரடி, ஒரு வாத்து, ஒரு முள்ளம்பன்றி; மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாம். கரடி மெத்தையில் விழுந்தால் வாத்து கூரைக்குப் பறக்கிறது. முள்ளம்பன்றியைக் கொஞ்சப் போகிறவர்களெல்லாம் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். நான் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டேன். பேத்தி திரும்பி, "சின்னத் தாத்தா, ஒங்க கதைய டிவிக்காரன் களவாண்டுட்டான்" என்றாள்.

"களவாண்டதும் பாதிதான். இதுல சாமி எங்க, கிடா எங்க?" என்றேன்.

அடுக்களையிலிருந்து உங்கள் மகள் குரல் கொடுத்தாள்: "சித்தப்பா, ஒங்க கதைய முழுசாக் கேட்டிருந்தான்னா அவன இன்னேரம் ஆஸ்பத்திரியில சேத்திருப்பாவ."

அச்சு அசல் உங்கள் நாக்கு. அதைக் கேட்டதும் உங்களுக்கு எழுதவேண்டும் போலிருந்தது.

செங்கோட்டை திருவாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்த சமயம் அது. ஊர் வந்து சேர்ந்த அடுத்த தையில் நீங்களும் எங்கள் தென்காசி வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்கள். மந்திரிமார் எல்லையை நகர்த்தியதே என் அண்ணனுக்குப் பெண் கொடுக்கத் தோதாகத்தான் என்று ரத வீதி முழுக்க நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எனக்கு அப்போது இருபது வயது. வேலை எதுவும் இல்லாததால் பேச நிறைய நேரம் இருந்தது. நீங்கள் தண்ணீரை 'வெள்ளம்' என்பீர்கள். முதல் வாரத்தில் அடுப்படியிலிருந்து, "அத்தே, வெள்ளம் வேணும்" என்று குரல் கொடுத்தீர்கள். அம்மா, "நல்லாக் கேட்டட்டி! வெள்ளம் வருதுன்னுல்லா நான் அரிசிப்பானையப் பரண்ல ஏத்தப் போனேன்" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். அம்மாவும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகும் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

மாசி பிறந்ததும் அண்ணனுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. டாக்டர் கையைப் பிசைந்தார். அம்மா குளத்தங்கரை மாடசாமி முன்னால் விழுந்து, "எம் பிள்ளைய விட்டுரு, ஒரு கிடா தாரேன்" என்று நேர்ந்துகொண்டாள். காய்ச்சல் இறங்கியது. அண்ணன் எழுந்து உட்கார்ந்து முதலில் கேட்டது ஊறுகாய். அந்த வாரமே கடையநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு கறுப்புக் குட்டி வந்தது. அடுத்த வருஷம் ஆடியில் மாடசாமி கோயில் திருவிழாவான கொடையில் வெட்டவேண்டிய குட்டி. அம்மா அதை உங்கள் கையில் கொடுத்தாள்.

"ஏட்டி, இது ஒம் மாப்பிள்ளை உயிருக்கு ஈடு. பெத்த பிள்ளை மாதிரிப் பாத்துக்க."

அம்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். நீங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள்.

இனிமேல்தான் டிவிக்காரன் களவாண்ட பகுதி. நம் வீட்டுப் பிள்ளைகள் மூவர். மூத்தது கிடா. ஊரில் தாசில்தார் என்று ஒருவர் இருந்தாலும் உண்மையான தாசில்தார் தான்தான் என்ற நினைப்பு அதற்கு. காலையில் ரத வீதிக்குப் போய்ச் சுவரில் ஒட்டிய நாடக நோட்டீசையெல்லாம் வாசித்துவிட்டுத் தின்னும். பிடிக்காத நாடகமென்றால் பசையை மட்டும் நக்கிவிட்டு வந்துவிடும். நடுவுள்ளது நாய். திருடன் வந்தால் அவனுக்கு முன்னால் ஓடி அவனுக்கு வழி காட்டும். சாரல் விழும் சத்தம் கேட்டால் கிடாவின் வயிற்றுக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். அண்ணனின் நான்கு கால்களுக்கு நடுவில் தம்பி நடுங்கிக்கொண்டிருக்க, அண்ணன் எதையும் கவனிக்காமல் அசைபோட்டுக்கொண்டு நிற்கும்.

கடைசிப் பிள்ளை குரங்கு. அதற்கு ஜாகை குற்றாலத்தில். காலையில் மெயினருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வருகிற பெரிய மனிதர்களின் துண்டுகளைச் சரிபார்த்து, நல்லதை எடுத்துக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்து அம்மா கண்ணயரும் நேரமாகப் பார்த்து பஸ் கூரைமேல் ஏறித் தென்காசி வந்து இறங்கும். கண்டக்டர் டிக்கெட் கேட்டதில்லை. ஒருமுறை கேட்டவர் தொப்பியை இழந்தார். நம் கொல்லைச் சுவரேறிக் குதித்ததும் அதன் முதல் வேலை மூத்த அண்ணனான கிடாவைக் குளிப்பாட்டுவது. ராட்டினத்தில் கயிறு போட்டு அதுவே கிணற்றில் இறைக்கும்; அதுவே குடத்தைச் சாய்க்கும். அந்த அண்ணனுக்கோ தண்ணீரென்றால் ஜென்மப் பகை. ஒரு சொட்டுப் பட்டாலும் தலையிலிருந்து வால்வரை சிலுப்பி நம் எல்லோரையும் குளிப்பாட்டிவிடும். அதற்கு இடம் கொடுக்காமல் குரங்கு ஒரே தாவாகத் தாவி முதுகில் ஏறிப் பேன் பார்க்கும். பத்து விரலும் ரோமத்துக்குள் ஓடும். தாசில்தார் கண் செருகி நின்றுவிடுவார். சிலுப்பவேண்டும் என்பதே அவருக்கு மறந்துபோகும்.

இதை நான் ஒவ்வொரு வருஷமும் சொல்லும்போது நீங்கள் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பீர்கள். "கொழுந்தனாரே, போன வருசம் ஒங்க கொரங்கு வாளியிலல்லா எறச்சுது? இந்த வருசம் கொடத்துக்கு வந்துட்டே. நல்லா வளருது" என்பீர்கள். உங்கள் முகத்தில் ஒரு கோடு மாறாது.

ஆடி நெருங்க நெருங்க உங்களுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிடா கொம்பு வைத்து, கழுத்தில் சதை போட்டு, பார்ப்பவர்கள் கண்ணுக்குக் குழம்பாகவே தெரிந்தது. "வெட்டவேண்டாம்" என்று உங்களால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. வேண்டாமென்றால் யார் உயிருக்கு வேண்டாம் என்றாகிவிடும்? ஒரு நாள் சாயங்காலம் கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டே கேட்டீர்கள்.

"கொழுந்தனாரே, கிடாவச் சாமி ஏத்துக்கிட்டாருன்னு எப்படித் தெரியும்?"

"மஞ்சத்தண்ணி ஊத்துவாவ மதினி. ஒடம்பச் சிலுப்புச்சுன்னா உத்தரவு ஆயிட்டு. வெட்டிருவாவ."

"சிலுப்பலைன்னா?"

"சாமிக்கு வேண்டாம்னு அர்த்தம். ஆனா எந்த ஆடு சிலுப்பாம நிக்கும்? ஈ ஒக்காந்தாலே சிலுப்புதே."

நீங்கள் பிழிந்த சேலையை மறுபடியும் பிழிந்தீர்கள். பிறகு, "எனக்கு அவரும் வேணும், இதுவும் வேணும். சாமிகிட்டயே கேட்டுப் பாத்தா என்ன குத்தம்?" என்றீர்கள். சாமியிடம் எப்படிக் கேட்பார்கள் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

கொடை வந்தது. மதியக் கொடை. காலைவரை தூறிய சாரல் விட்டு வெயில் பளிச்சென்று அடித்தது. மாடசாமி முன்னால் கிடா மாலையோடு நின்றது. பண்பொழியிலிருந்து அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வந்திருந்தார். கறிச் சோற்றுக்கு இடம் வேண்டும் என்று முந்தின நாளிலிருந்து வெறும் மோரில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தவர். மேளம் நின்றது. சாமியாடி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையில் ஊற்றினார்.

கிடா சிலுப்பவில்லை.

பழக்கமில்லாத இடம், மிரண்டுபோயிருக்கும் என்றார்கள். இரண்டாவது குடம். முதுகிலிருந்து மஞ்சளாக வழிந்தது. கிடா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முதுகை லேசாகத் தணித்துக்கொண்டு நின்றது. மூன்றாவது குடத்தை மாமாவே வாங்கி, ஆளைக் குளிப்பாட்டுவதுபோலச் சளாரென்று ஊற்றினார். மாமா நனைந்தார். கிடா காது மடலைக்கூட அசைக்கவில்லை.

அம்மா, "அய்யா, ஈடு வேண்டாம்னா? அப்போ எம் பிள்ளையத்தான் கேக்கியா?" என்று மண்ணில் உட்கார்ந்து அழுதாள். மதினி, அதை நீங்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. உங்கள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அண்ணன் கையை இறுக்கிப் பிடித்தீர்கள். சிலுப்பினால் கிடா போகும். சிலுப்பாமல் நின்றதோ அம்மாவின் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது.

மாமா ஈர வேட்டியைப் பிழிந்தபடி சுற்றிலும் பார்த்தார். "இது சாமி காரியம் இல்ல. ஆரோ கிடாவப் பழக்கி வச்சிருக்காவ. இத வளத்தது ஆரு?"

எல்லாக் கண்களும் உங்கள் பக்கம் திரும்பின. செங்கோட்டைப் பெண், வந்து இரண்டு வருஷம் முழுதாக ஆகவில்லை, புருஷன் உயிருக்கு நேர்ந்த கிடா. உங்கள் உதடு அசைந்தது. உண்மையைச் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் நான் குதித்தேன்.

"மாமா, பழக்குன ஆளு ஆருன்னு எனக்குத் தெரியும். தெனமும் குத்தாலத்துலேருந்து வருதான். பஸ்ஸு கூரையில ஏறி, டிக்கெட்டு எடுக்காம."

"ஆருலே அவன்?"

"வாலு உண்டு மாமா. ஒங்கள மாதிரி மீசை கெடையாது. மத்தபடி முகச்சாடை அப்படியே இருக்கு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்றார்கள். நான் விடவில்லை. குரங்கு சுவரேறி வருவதையும், இறைப்பதையும், குளிப்பாட்டுவதையும், முதுகில் ஏறிப் பேன் பார்ப்பதையும் கிடாவின் பக்கத்தில் குனிந்து நடித்துக் காட்டினேன். "தண்ணி ஊத்துன ஒடனே தம்பி வந்து பேன் பாப்பான்னு இது காத்துக்கிட்டு நிக்கு. அவனானா இன்னைக்கு அருவியில கூட்டம்னு அங்கனயே இருந்துட்டான். சந்தேகம்னா நீங்களே மேல ஏறிப் பாத்து விடுங்க மாமா!"

குளத்தங்கரை அதிரச் சிரித்தது. அழுதுகொண்டிருந்த அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "கொரங்கா? அனுமாருல்லா வந்திருக்காரு, எம் பிள்ளை வீட்டுக்கு!" என்று கைகூப்பினாள். சாமியாடியின் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பில் குலுங்கியதா, சாமி வந்து குலுங்கியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குலுங்கிக்கொண்டே கிடாவின் கழுத்து மாலையைக் கழற்றினார்.

"உயிரும் வேண்டாம், ஈடும் வேண்டாம். பிள்ளையும் இருக்கட்டும், கிடாவும் இருக்கட்டும். எனக்குப் பொங்கல் போதும்!"

மாமாவின் முகத்தை வருணிக்கத் தமிழில் சொல் இல்லை. அவர் தின்ற பொங்கலின் அளவுக்கும் இல்லை.

கிடா கோயில் கிடாவாகி, ஊர் நோட்டீசையெல்லாம் தின்று, கிழமாகித்தான் போனது. அண்ணன் பேரன் பேத்தி கண்டு, ஊறுகாய் கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா கண் மூடும்வரை செவ்வாய்க்கிழமைதோறும் கொல்லைச் சுவரில் அனுமாருக்கு ஒரு வாழைப்பழம் வைத்தாள். அதை வாராவாரம் யார் தின்றார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. நான் கொஞ்சம் தடித்தேன் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

கொடை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் என்னிடம் ஒன்று சொன்னீர்கள். "நான் கேக்கத்தான் செஞ்சேன் கொழுந்தனாரே. பதில் சொன்னது சாமி." அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. மாமா இருந்தவரை பேசக்கூடாது, அம்மா இருந்தவரை பேசவே கூடாது. பிறகு பேசவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. குரங்கை மட்டும் நான் இறக்கிவிடவில்லை. இத்தனை வருஷமாகத் தோளில் வைத்துக்கொண்டு, கல்யாண வீடு, காதுகுத்து வீடு எல்லாவற்றுக்கும் போய்வருகிறேன். கொஞ்சமும் கனக்கவில்லை மதினி.

நாய் பக்கத்து வீட்டு நாய். தொப்பி இழந்த கண்டக்டர் பிறக்கவே இல்லை. குரங்குக் கதையில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். தண்ணீர் ஊற்றியதும் முதுகில் விரல்கள் வரும் என்று அந்தக் கிடா அன்றைக்குக் காத்துக்கொண்டு நின்றது. அம்மா கண்ணயர்ந்த ஒரு மதியம் கொல்லைக் கதவிடுக்கு வழியாக அந்த விரல்களை நான் பார்த்தேன். மஞ்சள் பூசிய விரல்கள். கல்யாணத்துக்குப் போட்ட வளையல்கள் சத்தம் போடாமலிருக்க, முழங்கைவரை ஏற்றிவிட்டிருந்தீர்கள்.